பேசத் தயங்கும் மாணவரையும் பேச்சுக்குள் கொண்டுவருதல்: கலந்துரையாடல் வகுப்பில் பகிர்வு ஆவணத்தின் பயன்பாடு

இலங்கையின் மலையகப் பாடசாலையொன்றின் உயர்தரக் கலைப்பிரிவு வகுப்பில், பாடக்குறிப்பில் 'கலந்துரையாடல்' என்று எழுதிக்கொண்டு உள்ளே போனால், நாற்பது நிமிடப் பாடவேளை பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் கழிகிறது. நான்கைந்து பேர் பேசுகிறார்கள், ஆசிரியர் அவர்களுக்குப் பதில் சொல்கிறார், மீதி முப்பது பேர் பரீட்சைக்கு வரக்கூடிய வசனம் எப்போது விழும் என்று காத்திருந்து அதை மட்டும் கொப்பியில் குறித்துக்கொள்கிறார்கள். பேசாத அந்த முப்பது பேருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை என்று எண்ணிவிட முடியாது. ஒருவர் தான் நினைத்ததை வாக்கியமாக்கி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விடயத்துக்குத் தாவிவிடுகிறது. இன்னொருவருக்குத் தன் தோட்டத்துப் பேச்சைக் கேட்டு நகரத்துப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற கூச்சம். மற்றொருவர் வாசிக்க வேண்டிய பகுதியை வாசிக்கவே இல்லை.

பேச்சு தொடங்குவதற்கு முன்பே எல்லோருடைய கேள்வியும் எழுத்தில் இருந்து, அதை எல்லோரும் வாசித்தும் இருந்தால் இந்த மூன்று தடைகளும் கணிசமாகக் குறைகின்றன. பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய இணையப் பகிர்வு ஆவணம் அதற்கு ஏற்ற கருவி. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஸூமும் வட்ஸ்அப்பும் வகுப்பறைக்கு மாற்றாக வந்ததனாலோ என்னவோ, இணையக் கருவி என்றதும் வகுப்பு நேரத்தில் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதையே நாம் இன்றும் நினைக்கிறோம். என் கணிப்பு வேறு. கருவியின் உண்மையான வேலை பேச்சுக்கு முந்திய சில மாலைகளிலும் பேச்சுக்குப் பிந்திய ஓரிரு நாட்களிலும்தான் இருக்கிறது. நேருக்கு நேர் பேசும் நேரத்தில் அது எவ்வளவு குறைவாகக் கண்ணில் படுகிறதோ அவ்வளவு நல்லது. (பரீட்சை நெருங்கும்போது நகர மண்டபங்களில் நூற்றுக்கணக்கானோரை அமர்த்திக் கடந்தகால வினாத்தாள்களுக்கு விடை சொல்லித்தரும் செமினார்களுக்கு இந்த முறை பொருந்தாது. நாற்பது பேருக்கு மேற்படாத, ஒருவரையொருவர் அறிந்த ஒரு வகுப்பை மனதில் வைத்தே இது எழுதப்படுகிறது.)

எந்தக் கருவியைத் தேர்வது

பெரும்பாலான வகுப்புகளுக்குக் கூகுள் டொக்ஸ் ஒன்றே போதும். விலை குறைந்த அன்ட்ரொய்ட் கைபேசியிலும் அது இயங்குகிறது. ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் நூறு பேர் வரை எழுதலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்பது பதிவாகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் எழுதியதைப் பின்னர் சிக்னல் கிடைத்ததும் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. இந்த நான்கையும் செய்யாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பயன்படாது. படங்களையும் சிறு குறிப்புகளையும் பலகையில் ஒட்டுவதுபோல் சேர்க்க வேண்டுமானால் பேட்லெட் நல்லது. மாணவர் கணக்குத் தொடங்காமலே அதில் எழுதலாம், ஆசிரியர் அனுமதித்த பின்னரே குறிப்பு வெளியே தெரியும்படியும் அமைக்கலாம். ஆனால் இலவசக் கணக்கில் சில பலகைகளை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்பதால், தவணை முழுவதற்கும் அதை நம்புவது கடினம். பழைய பயிற்சிப் பட்டறைக் கைநூல்களில் கூகுள் ஜேம்போர்ட் பரிந்துரைக்கப்பட்டிருக்கும். அந்தச் சேவை 2024 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறதே, அதிலேயே நடத்தினால் என்ன என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அறிவித்தல் கொடுக்கவும் இணைப்பை அனுப்பவும் அது போதுமானது. கேள்விகளைச் சேர்த்து வைக்க அது உதவாது, ஏனெனில் திங்கட்கிழமை எழுதப்பட்ட நல்ல கேள்வியொன்று புதன்கிழமை காலை வணக்கப் படங்களுக்கும் டியூஷன் அறிவித்தல்களுக்கும் கீழே எங்கோ புதைந்துவிடும். ஒரு விதிவிலக்கை மட்டும் ஏற்கலாம்: தமிழில் தட்டச்சு செய்ய வராத மாணவர் தன் கேள்வியைக் குரல் பதிவாக ஒரு நண்பருக்கு அனுப்ப, அவர் அதை ஆவணத்தில் எழுதிச் சேர்க்கலாம்.

பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் பயிலும் ஆசிரிய பயிலுநர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் கணினியில் வேலை செய்யும் வாய்ப்புள்ளவர்கள். அவர்கள் ஒரு பிடிஎப் கட்டுரையின் ஓரத்தில் எல்லோரும் சேர்ந்து குறிப்பெழுதும் ஹைப்பொதிசிஸ் என்ற கருவியையும் பயன்படுத்திப் பார்க்கலாம். கைபேசியில் அது சிரமம்.

ஆவணத்தை அமைத்தல்

முறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் நாடற்றவர்களாகக் கருதப்பட்ட இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும், இவையெல்லாம் 15 ஆண்டுகளுக்குள் நடந்து முடிய வேண்டுமென்றும் அது கூறியது. அந்த எஞ்சியோரை 1974 இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். வகுப்பில் இருக்கும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் இந்த எண்களுக்குள் அடங்கிய யாரோ ஒருவர் இருப்பார் என்பதால், கலந்துரையாடலுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் மலையகத்தில் குறைவு.

ஒப்பந்தத்தின் முக்கிய அம்சங்களை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் தமிழில் தட்டச்சு செய்து ஆவணத்தின் தொடக்கத்திலேயே வைக்க வேண்டும். வேறெங்கோ இருக்கும் பிடிஎப்பின் இணைப்பைக் கொடுத்தால் பாதிப் பேர் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் எண் இடுவது மிக முக்கியம். வகுப்பில் "நாலாவது வாக்கியத்தைப் பாருங்கள்" என்று ஒரு மாணவி சொல்ல, எல்லோருடைய கண்ணும் அந்த இடத்துக்குப் போகும்படி செய்வது இந்தச் சின்ன எண்கள்தான்.

மூலப் பகுதிக்குக் கீழே மாணவர் எழுதும் இடம். பெயர், கேள்வி, ஆதாரம், பதில் என்று நான்கு நிரல்களில் அட்டவணை போடத்தான் ஆசிரியரின் கை போகும். அதைத் தவிர்க்கவும். கைபேசியின் சிறு திரையில் அந்த நிரல்கள் நெருங்கி ஒரு வரியில் இரண்டு எழுத்து மட்டும் நிற்கும் நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாணவர் பெயரையும் தலைப்பு வடிவில், அதாவது ஹெடிங் பாணியில் எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட வேண்டும். அப்போது ஆவணத்தின் உள்ளடக்கப் பட்டியலில் எல்லாப் பெயர்களும் தோன்றும். மாணவர் தன் பெயரைத் தொட்டதும் தனக்குரிய இடத்துக்கு நேரே போய்விடலாம். பட்டியலில் ஒரு பெயருக்குக் கீழே வெற்றிடம் இருப்பதும் எல்லோர் கண்ணிலும் படும். அது ஆசிரியரின் கண்டிப்பைவிட நன்றாக வேலை செய்கிறது.

அனுமதி விடயத்தில் கவனம் தேவை. பார்க்க மட்டும், குறிப்புரை இட மட்டும், திருத்தவும் என்று மூன்று நிலைகள் உள்ளன. மாணவர் எழுத வேண்டிய ஆவணத்துக்குத் திருத்தும் அனுமதி கொடுக்காவிட்டால், அன்று இரவு முழுவதும் அனுமதி கேட்டு மின்னஞ்சல்கள் வந்துகொண்டேயிருக்கும். இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம் என்று திறந்துவிட்டால், கணக்கில் நுழையாமல் வருபவர்கள் பெயரற்ற விலங்குச் சின்னங்களாகத் தோன்றுவார்கள். எழுதியது யார் என்று அறிய வழியிராது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கைபேசி என்றிருக்கும் நம் சூழலில் அக்காவின் கணக்கில் தம்பி எழுதுவதும், ஒரே கணக்கில் மூன்று தோழிகள் எழுதுவதும் வழக்கம். ஆகவே கணக்கின் பெயரை நம்பாமல், ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் எழுதியவர் தன் பெயரின் முதலெழுத்தை இடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்த வேண்டும்.

யாரோ ஒருவரின் விரல் தவறி முழு ஆவணமும் அழிந்துபோவது நடக்கத்தான் செய்யும். பதற வேண்டியதில்லை. கணினியில் ஃபைல் பட்டியலுக்குள் வெர்ஷன் ஹிஸ்டரி என்ற இடத்துக்குப் போனால், முந்திய நேரங்களில் ஆவணம் இருந்த நிலைகள் நாள், மணி வாரியாக வரிசைப்பட்டிருக்கும்; சரியான ஒன்றைத் தேர்ந்து மீட்டுக்கொள்ளலாம். இதை முதல் வகுப்பிலேயே மாணவருக்குச் செய்து காட்டிவிடுவது நல்லது. அழித்தாலும் மீளும் என்று தெரிந்தால் எழுதப் பயப்படும் பிள்ளைக்குத் தைரியம் வருகிறது. குறும்புக்கு அழிக்க நினைப்பவருக்குத் தான் நுழைந்த கணக்கும் பதிவாகும் என்பது புரிகிறது.

தமிழ் எழுத்துப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் ஆசிரியர்களிடம் இருக்கும் பழைய வினாத்தாள்களிலும் குறிப்புகளிலும் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே வெட்டி ஒட்டினால் மாணவரின் கைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றித்தரும் இலவச இணையத்தளங்கள் உள்ளன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தே ஒட்ட வேண்டும். மாணவர் தரப்பில், ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக மாற்றித்தரும் ஜீபோர்ட் விசைப்பலகை பெரும்பாலும் போதுமாகிறது, தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதியும் அதில் உண்டு. சிலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி வைப்பார்கள். கேள்வி சேர்க்கும் கட்டத்தில் அதை ஏற்றுக்கொள்வதே என் வழக்கம்; இறுதிக் குறிப்பு மட்டும் தமிழ் எழுத்தில் இருந்தால் போதும். கேள்வியைக் கொண்டுவந்த பிள்ளையை எழுத்துப்பிழைக்காக முதல் நாளே நிறுத்திவிட்டால் அடுத்த முறை கேள்வி வராது.

கேள்வியும் மறுகேள்வியும்

ஆவணம் தயாரானதும் மாணவருக்குக் கொடுக்கும் பணி இரண்டே இரண்டு: மூலப் பகுதியின் எந்த வாக்கியத்திலிருந்து எழுந்தது என்று எண் குறித்து ஒரு கேள்வி எழுத வேண்டும், வேறொருவருடைய கேள்விக்குக் கீழே ஒரு மறுமொழி எழுத வேண்டும். இதற்கு மேல் கேட்டால் தரம் குறையும். காலக்கெடுவை மட்டும் தாராளமாக வைக்க வேண்டும். வீட்டிலுள்ள கைபேசி கொழுந்து மலைக்குப் போகும் அம்மாவோடு போய், மாலையில்தான் திரும்பி வருகிறது. வந்த பின் அதற்கு மூன்று பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள். ஆகவே வியாழக்கிழமை வகுப்பென்றால் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று மாலைகளாவது கிடைக்கும்படி ஞாயிறன்றே இணைப்பை அனுப்பிவிட வேண்டும். கைபேசியே இல்லாதவர்கள் இடைவேளையில் கணினி ஆய்வுகூடத்தில் எழுதலாம், அல்லது கடதாசியில் எழுதிக் கொடுக்க வகுப்புத் தலைவர் சேர்த்துவிடலாம். கடதாசியில் வந்த கேள்விக்கும் மற்றவற்றுக்கும் ஆவணத்தில் எந்த வேறுபாடும் தெரியக் கூடாது.

என்ன மாதிரிக் கேள்வி வேண்டும் என்பதை விளக்காமல் விட்டால் "ஒப்பந்தம் எந்த ஆண்டு கைச்சாத்திடப்பட்டது?" என்பதே முப்பது தடவை வரும். அதற்கு ஒரு பதில்தான் உண்டு, பேச ஒன்றும் இல்லை. பேச்சை எழுப்பும் கேள்வி மூலத்துக்குள் இருக்கும் ஒரு முடிச்சைப் பிடிக்கிறது. எத்தனை பேர் போக வேண்டும், எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற எண் முதலில் தீர்மானிக்கப்பட்டு, யார் போவது, யார் இருப்பது என்பது பின்னால் விடப்பட்டது ஏன்? இரு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஆவணத்தில் தோட்டத் தொழிலாளரின் சம்மதம் எந்த வாக்கியத்தில் பேசப்படுகிறது? 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விட்டதில் யாருக்கு வசதி? இவற்றைப் போன்ற இரண்டு கேள்விகளை ஆசிரியரே மாதிரியாக எழுதிக்காட்டலாம். மூன்றாவதையும் எழுதினால் மாணவர் அவற்றைப் பிரதிபண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

மறுமொழி எழுதுவதில்தான் பகிர்வு ஆவணத்தின் பலன் தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பொருளைப் பேசும்போது வழக்கமாக எழும் ஒரு கூற்றைப் பாருங்கள். "1948 ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் வாக்குரிமையைப் பறித்தது" என்று ஒரு மாணவர் எழுதுவார். வாய்ப்பேச்சில் அது யாரும் தடுக்காமல் கடந்து போகும். எழுத்தில் நிற்கும்போது வேறொருவர் பாடநூலைப் பார்த்துவிட்டு, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமையை வரையறுத்தது, பிரஜைகள் மட்டுமே வாக்களிக்கலாம் என்று ஆக்கியது 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் என்று கீழே எழுதுகிறார். மூன்றாமவர், அப்படியானால் 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார். வகுப்பு தொடங்கும் முன்பே பேச்சு பாதித் தூரம் வந்துவிட்டது, அதுவும் திருத்தப்பட்ட தகவலோடு.

இந்தக் கட்டத்தில் ஆசிரியர் பதில் எழுதவே கூடாது. "சேர் சொல்லிவிட்டார்" என்றானதும் அந்த இழை அத்தோடு அறுந்துவிடும். மிஞ்சிப் போனால் ஓரக் குறிப்புரையில் "எந்த வாக்கியத்தில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்கலாம். ஆசிரியரின் வேலை வகுப்புக்கு முந்திய இரவில் அரைமணி நேரம் இருந்து எல்லாவற்றையும் வாசித்து, மூன்று அல்லது நான்கு கேள்விகளைத் தேர்ந்தெடுப்பது. அவற்றில் ஒன்றாவது வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும். மறுநாள் அந்தக் கேள்வியை ஆசிரியரே வாசித்து, "இதைக் கேட்டவர் எதை மனதில் வைத்துக் கேட்டார் என்று ஒரு வசனத்தில் சொல்லுங்கள்" என்று தொடங்கினால், அந்தப் பிள்ளை புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. எழுதியதைச் சொன்னாலே போதும். முதல் வசனம் வந்துவிட்டால் இரண்டாவது தானாக வருகிறது.

குடும்பத்தின் வறுமை, சாதி, பிரஜாவுரிமை ஆவணம் இல்லாமை போன்றவற்றைத் தொடும் பொருளென்றால் பெயரோடு எழுதச் சொல்வது நியாயமில்லை. அத்தகைய நேரங்களில் கூகுள் படிவம் ஒன்றில் பெயர் கேட்காமல் கேள்விகளைப் பெற்று, ஆசிரியர் வாசித்துப் பார்த்தபின் ஆவணத்தில் சேர்க்கலாம். பெயரில்லாத எழுத்தை வடிகட்டாமல் நேரே வெளியிட்டால் யாரோ ஒருவருக்குக் காயம் நிச்சயம்.

வகுப்பு நாள்

இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ள முடிந்தால் நல்லது. கதிரைகளை இரண்டு வட்டமாகப் போட வேண்டும். உள்வட்டத்தில் பன்னிரண்டு பேர் பேசுவார்கள். வெளிவட்டத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். இருபது நிமிடத்தில் இடம் மாறுவார்கள். எழுதுவோராக இருவரை நியமித்து ஒரு மடிக்கணினியைக் கொடுக்க வேண்டும். பேசியதையெல்லாம் எழுத முயல்வது அவர்கள் செய்யும் முதல் காரியமாக இருக்கும், அதைத் தடுக்க வேண்டும். ஒருவர் வைத்த கூற்று, அதற்கு அவர் காட்டிய வாக்கிய எண், அதற்கு வந்த மறுப்பு ஆகிய மூன்றை மட்டும் குறித்தால் போதும். ஆதாரம் காட்டப்படாத கூற்றுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வகுப்பு முடியும்போது அந்தக் கேள்விக்குறிகளே அடுத்த வாரத்துக்கான வீட்டுவேலையாகிவிடும்.

புரொஜெக்டர் இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே போட்டுவிடும் ஆவல் எல்லோருக்கும் உண்டு. திரையில் எழுத்து ஓடத் தொடங்கியதும் பிள்ளைகள் பேசுபவரின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தன் பேச்சு சரியாக எழுதப்படுகிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று திரையையே பார்ப்பார்கள். ஆகவே முதல் இருபது நிமிடத்துக்குப் புரொஜெக்டரின் கண்ணை ஒரு கொப்பியால் மறைத்து வைத்து, இடம் மாறும் நேரத்தில் மட்டும் திறந்து, "இதுவரை பேசியதில் எது ஆதாரமில்லாமல் நிற்கிறது?" என்று ஐந்து நிமிடம் எல்லோருமாகப் பார்த்துவிட்டு மீண்டும் மறைத்துவிடலாம். மாணவர் பாடசாலைக்குக் கைபேசி கொண்டுவர அனுமதி இல்லாத இடத்தில் அதற்காக அதிபரோடு வாதாட வேண்டிய தேவையும் இந்த முறையில் எழவில்லை, ஏனெனில் வகுப்பறைக்குள் தேவைப்படுவது ஒரேயொரு கணினி.

சிக்னலும் மின்சாரமும்

மலையகத்தின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பி வகுப்பைத் திட்டமிடுவது அறிவீனம். முந்திய இரவே ஆவணத்தைக் கைபேசியிலும் மடிக்கணினியிலும் இணையமில்லாமல் திறக்கும்படி சேமித்து வைத்துவிட்டு, மூலப் பகுதியையும் தேர்ந்த கேள்விகளையும் நான்கு பேருக்கு ஒன்றாக அச்சிட்டுக் கொண்டுபோக வேண்டும். வெறும் எழுத்துள்ள ஆவணம் மிகக் குறைந்த டேட்டாவில் இயங்குவதால், ஒரு கைபேசியின் ஹொட்ஸ்பொட்டிலேயே ஐந்தாறு கருவிகள் தாராளமாக வேலை செய்யும். ஆவணத்துக்குள் பெரிய படங்களை ஒட்டுவதைத் தவிர்த்தால் ரீலோட் போடும் செலவு பெற்றோருக்கு ஏறாது.

மின்சாரமும் போய்விட்டால் டிமைத் தாளும் மார்க்கர் பேனாவும் இருக்கின்றன. சுவரில் ஒட்டி, எழுதுவோர் அதே மூன்றையும் அதில் எழுதட்டும். வகுப்பு முடிந்ததும் படம் எடுத்து, மாலையில் ஒருவர் தட்டச்சு செய்து ஆவணத்தில் சேர்த்துவிடலாம். தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் ஒத்துழைத்தால், ஈதர்பேட் என்ற கட்டற்ற மென்பொருளைக் கணினி ஆய்வுகூடத்தின் ஒரு கணினியில் நிறுவி, வெளி இணையம் இல்லாமலே உள் வலையமைப்பில் எல்லோரும் சேர்ந்து எழுதச் செய்யலாம். ஒவ்வொருவர் எழுத்தும் வெவ்வேறு நிறத்தில் தெரிவது அதன் கூடுதல் வசதி.

பேச்சுக்குப் பின்

அடுத்த இரண்டு நாட்களுக்குள் ஒவ்வொருவரும் தான் முதலில் எழுதிய கேள்விக்குக் கீழே திரும்பி வந்து, பேச்சுக்குப் பின் அந்தக் கேள்வியைத் தான் எப்படிப் பார்க்கிறார் என்று ஐந்து வரி எழுத வேண்டும். முன்பு எழுதியதை அழிக்கக் கூடாது. பழையதும் புதியதும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தால், கலந்துரையாடலால் என்ன நடந்தது என்பது மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒருசேரப் புலப்படும். பரீட்சையைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைகளுக்காக, குழுவொன்று இவற்றைத் தொகுத்து ஒரு கட்டுரை வினாவுக்குரிய விடைச் சட்டகமாக ஆவணத்தின் இறுதியில் எழுதிவைக்கலாம். அது இல்லாவிட்டால் "இதனால் ஏ.எல். சோதனைக்கு என்ன பிரயோசனம்?" என்ற கேள்வி பெற்றோர் கூட்டத்தில் வரத்தான் செய்யும்.

பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு இந்த ஆவணம் நல்ல சான்று. ஆனால் வெர்ஷன் ஹிஸ்டரியில் ஒவ்வொருவரும் எத்தனை வரி எழுதினார் என்று எண்ணிப் புள்ளி போடுவது பெரிய அநீதியாகிவிடும். சொந்தக் கைபேசியும் அறையில் சிக்னலும் உள்ள பிள்ளை நீளமாக எழுதும். லயத்துக் கோடியில் வீடுள்ள பிள்ளை மேட்டில் ஏறி நின்று இரண்டு வரி அனுப்பியிருக்கும். ஆதாரம் காட்டினாரா, மற்றவருடைய கேள்வியை உண்மையில் வாசித்து மறுமொழி எழுதினாரா, பேச்சுக்குப் பின் தன் கருத்தை நியாயத்தோடு மாற்றினாரா அல்லது நியாயத்தோடு காத்துக்கொண்டாரா என்பவற்றுக்கே புள்ளி வழங்க வேண்டும்.

வேறொரு பாடசாலையோடு

ஒரு தவணை இந்த முறை பழகிய வகுப்பு, அடுத்த தவணையில் வேறொரு பாடசாலையோடு அதே ஆவணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ஹட்டனும் பண்டாரவளையும் சேரலாம். இந்தப் பொருளுக்கு இன்னும் பொருத்தமானது கடலுக்கு அப்பால் இருக்கிறது: ஒப்பந்தத்தின்படி போனவர்களில் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி பகுதிகளில் குடியேறினார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. அங்கே படிக்கும் பேரப்பிள்ளைகள் அதே எண்களின் மறுபக்கத்திலிருந்து கேள்வி எழுதுவார்கள். இரு நாடுகளின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுவதால் காணொளியில் சேர்ந்து பேசவும் தடையில்லை. ஆனால் முதல் இரண்டு வாரமும் எழுத்திலேயே பழகவிட்டு, அதன் பின் காணொளிக்குப் போவதே உத்தமம். முகம் தெரியாதவர்களைத் திரையில் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள்.

இத்தகைய கூட்டு ஆவணத்தைத் திறப்பதற்கு முன் இரு பக்க அதிபர்களின் எழுத்து மூல அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். உற்சாகத்தில் பிள்ளைகள் தாத்தாவின் கடவுச்சீட்டையும் பிரஜாவுரிமைச் சான்றிதழையும் படம் எடுத்து ஒட்டத் தொடங்குவார்கள் என்பதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அவை அருமையான மூலங்கள்தான். எனினும் பெயர், இலக்கம், முகவரி ஆகிய மூன்றையும் மறைத்த பின்பும், வீட்டில் கேட்டு அனுமதி பெற்ற பின்பும் மட்டுமே சேர்க்க விட வேண்டும். தவணை முடிவில் ஆவணத்தின் ஒரு பிரதியைப் பாடசாலைக் கணினியில் இறக்கி வைத்துவிட்டு, இணைப்பின் அனுமதியைப் பார்க்க மட்டும் என்று மாற்றிவிட வேண்டும்.